ஹாலோபாடி எலெக்ட்ரிக் கிட்டார்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் எழும் கேள்விகள்

எஃப் எழுத்து வடிவத் துளைகளோடு, வயலினை நினைவூட்டும் வளைந்த முகத்தோடு இருக்கும் இந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து ஆசைப்படாத கிட்டார்காரர் குறைவு. வாங்கிய முதல் மாதத்திலேயே திகைத்துப் போகிறவர்களும் அதிகம். கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதன் ஓசை அழகுக்கும் இது தரும் தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: மெல்லிய மரமும் அதற்குள் அடைபட்ட காற்றும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஹாலோபாடி, செமி-ஹாலோ இரண்டும் ஒன்றா?

இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் குழப்பம் வருவது இயல்பு, இரண்டிலும் எஃப் துளைகள் இருக்கும். உள்ளே கட்டுமானம் வேறு. முழு ஹாலோபாடியில் முகப்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே காற்று மட்டுமே. செமி-ஹாலோவில் கழுத்திலிருந்து அடிவரை நடுவில் ஒரு மரக்கட்டை ஓடும். அதற்கு சென்டர் பிளாக் என்று பெயர். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் அந்தக் கட்டையின் மேல்தான் உட்காரும்.

இந்தக் கட்டை வந்த கதையே ஹாலோபாடியின் குணத்தைச் சொல்லிவிடும். 1936-ல் கிப்சன் கம்பெனி இஎஸ்-150 என்ற கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இஎஸ் என்பது எலெக்ட்ரிக் ஸ்பானிஷ் என்பதன் சுருக்கம். ஜாஸ் கிட்டார்காரர் சார்லி கிறிஸ்டியன் அதை வைத்துக்கொண்டு, சாக்ஸபோன்களுக்கு நடுவே கிட்டாரும் தனி ஆவர்த்தனம் வாசிக்க முடியும் என்று காட்டினார். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சத்தம் கூடக்கூட அந்தக் காற்றுப்பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. அதற்குத் தீர்வு தேடியவர்களில் கிட்டார்காரர் லெஸ் பால் ஒருவர். 1940 வாக்கில் ஒரு கனத்த மரக்கட்டையில் பிக்கப்பைப் பொருத்தி, கிட்டார் போலத் தெரிவதற்காக ஒரு கிட்டாரை இரண்டாக அறுத்து அதன் பக்கங்களை இருபுறமும் ஒட்டினார். கிப்சனில் டெட் மெக்கார்ட்டி தலைமையில் 1958-ல் வந்த இஎஸ்-335 அந்த எண்ணத்தின் நாகரிக வடிவம். அதுதான் செமி-ஹாலோ.

கடையில் தெரியவில்லை என்றால் எஃப் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவே மரச்சுவர் தெரிந்தால் செமி-ஹாலோ. எதிர்ப்புறத் துளையின் வெளிச்சம் தெரிந்தால் முழு ஹாலோ. சில மாடல்களில் பிரிட்ஜுக்குக் கீழே மட்டும் சிறு கட்டை இருக்கும், அது இரண்டுக்கும் இடைப்பட்ட ரகம்.

உள்ளே காற்று இருப்பதால் ஓசை எப்படி மாறுகிறது?

கம்பியை மீட்டியதும் அதன் சக்தியில் ஒரு பகுதி பிரிட்ஜ் வழியாக முகப்பலகைக்கு இறங்கிவிடும். மிருதங்கத் தோல் போல அந்தப் பலகை அசைந்து ஒலியாக்கிவிடும். ஆகவே ஸ்வரத்தின் தொடக்கம் உருண்டையாக, கணீரென்று கேட்கும். பிறகு சீக்கிரம் அடங்கும். உள்ளே காற்றே இல்லாத திடமரக் கிட்டாரில் சக்தி கம்பியிலேயே தங்குவதால் ஸ்வரம் நீண்டு ஒலிக்கும்.

சீக்கிரம் அடங்குவதைக் குறை என்று நினைக்காதீர்கள். ஜாஸில் நாலைந்து சுரம் சேர்ந்த கார்டுகளை வேகமாக மாற்றும்போது முந்தைய கார்டு அடுத்ததன் மேல் ஒழுகாமல் இருப்பது இதனால்தான். நீண்டு இழுக்கும் ராக் சோலோதான் உங்கள் ஆசை என்றால் மட்டும் யோசியுங்கள்.

முதல் எலெக்ட்ரிக் கிட்டாராக இதை வாங்கலாமா?

எந்த இசை உங்களைக் கிட்டாருக்கு இழுத்தது என்பதைப் பொறுத்தது. வெஸ் மான்ட்கமரி, ஜிம் ஹால், ஜோ பாஸ் போன்ற ஜாஸ்காரர்களைக் கேட்டு வந்தவர் தாராளமாக இதிலேயே தொடங்கலாம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று எல்லா வகைப் பாட்டும் வாசிக்க வேண்டியிருக்கும் என்றால் செமி-ஹாலோதான் புத்திசாலித்தனம். முழு ஹாலோபாடியை இரண்டாவது கிட்டாராக வைத்துக்கொள்ளலாம்.

பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எது எதற்கு?

மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும். மற்றவை பெரும்பாலும் அவற்றின் உறவினர்கள்.

முதல் குடும்பம் ஆழமான உடலும் வளைந்த முகமும் கொண்ட ஜாஸ் ஆர்ச்டாப். அடையாள மாடல் 1949-ல் வந்த கிப்சன் இஎஸ்-175. மேப்பிள் லாமினேட் (அடுக்கு மரம்) உடல், கழுத்தின் மேல்பகுதிக்குக் கை எட்ட ஒரு பக்கம் கூர்மையாக வெட்டிய கட்அவே, 24¾ அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்). முதலில் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்போடு வந்தது, 1957-ல் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் ஏறியது. ஜோ பாஸ், ஜிம் ஹால், பாட் மெத்தனி என்று ஜாஸ்காரர்கள் கையில் மட்டும் இல்லாமல், யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ் கையில் முற்போக்கு ராக்கிலும் இருந்திருக்கிறது. வெஸ் மான்ட்கமரியின் கிட்டாரான எல்-5 இதைவிட மேல்தட்டு, முகத்தைத் திடமரத்தில் செதுக்கிச் செய்தது, விலையும் அப்படியே. இன்று இந்த ரகத்தில் கட்டுப்படியாகும் விலையில் தேடுபவர்கள் ஐபனேஸ் ஆர்ட்கோர் வரிசையை முதலில் பார்ப்பது நல்லது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் ஈஸ்ட்மேன், கோடின்.

இரண்டாவது, ஒல்லியான முழு ஹாலோ. கிப்சனின் இஎஸ்-330 1959-லும் அதன் இரட்டைப் பிறவியான எபிஃபோன் கேசினோ 1961-லும் வந்தன. பார்க்க 335 மாதிரியே இருக்கும், உள்ளே கட்டை கிடையாது. பீட்டில்ஸில் முதலில் பால் மெக்கார்ட்னி 1964-ல் கேசினோ வாங்கினார், 1966-ல் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் வாங்கினார்கள். லெனன் பிறகு அதன் வண்ணப்பூச்சைச் சுரண்டி எடுத்து வெறும் மரமாக வைத்துக்கொண்டார். எடை மிகக் குறைவு, பி-90 பிக்கப்பின் கரகரப்பும் காற்றுப்பெட்டியின் ஈரமும் சேர்ந்த ஓசை. எனக்கு மிகவும் பிடித்த ரகம் இதுதான்; பாட்டுக்குப் பின்னணியாக ரிதம் வாசிக்க இதை மிஞ்ச ஒன்றில்லை என்பது என் கட்சி. பி-90-ல் லேசான ஹம் சத்தம் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கிரெட்ச் கம்பெனியின் கிட்டார்கள். கன்ட்ரி கிட்டார்காரர் செட் அட்கின்ஸ் பெயர் தாங்கிய 6120 மாடல் 1950-களின் நடுவில் வந்தது. ஆரஞ்சு நிறம், கம்பிகளின் சுதியை ஆட்டும் பிக்ஸ்பி கைப்பிடி, கன்ட்ரி இசையும் அதோடு ராக் அண்ட் ரோல் கலந்த ராக்கபில்லியும். ரே பட்ஸ் வடிவமைத்த ஃபில்டர்ட்ரான் பிக்கப் 1957-ல் சேர்ந்தது. ஹம்பக்கர்தான், ஆனால் கிப்சன் ஹம்பக்கரைவிடப் பளிச்சென்று, கம்பியின் உலோகம் காதில் படும்படி ஒலிக்கும். 1958 முதல் சில ஆண்டுகள் உடலுக்குள் முகப்பலகையையும் பின்பலகையையும் இணைக்கும் சாரம் போன்ற மரச்சட்டம் வைத்தார்கள்; பிரையன் செட்சர் 1980-களில் ராக்கபில்லியை மீண்டும் மேடையேற்றியது அப்படியொரு 1959 மாடலை வைத்துத்தான். இன்றைய கிரெட்சில் ஸ்ட்ரீம்லைனர், எலெக்ட்ரோமேட்டிக் வரிசைகள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும். மாடல் பெயரில் சென்டர் பிளாக் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒரே தோற்றத்தில் இரண்டும் விற்கிறார்கள்.

பிளைவுட்டில் செய்தது என்கிறார்களே, மட்டமான சரக்கா?

லாமினேட் என்ற சொல் அக்கூஸ்டிக் கிட்டாரில் மலிவுக்கு அடையாளம். இங்கே அப்படி இல்லை. மேலே சொன்ன 175, 330, 6120 எல்லாமே லாமினேட்தான். அடுக்கு மரம் விறைப்பாக இருக்கும், குறைவாக அசையும். ஆகவே ஆம்ப் சத்தத்துக்கு லேசில் ஊளையிடாது. செதுக்கிய திடமர முகம் ஆம்ப் இல்லாமலே அற்புதமாகப் பாடும், அதே காரணத்தால் மேடையில் அடக்க முடியாது. குழுவோடு வாசிப்பவர் லாமினேட்டைத் தேடி வாங்கினாலும் தப்பில்லை.

கடையில் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது?

முதலில் ஆம்பில் செருகாமல் வாசியுங்கள். எல்லாக் கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள்) ஒவ்வொரு ஸ்வரமாக. எங்காவது கர்ரென்று அதிர்கிறதா, ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றைவிடப் பொங்குகிறதா, செத்துப்போகிறதா என்று கவனியுங்கள். பிறகு பக்கவாட்டில் பிடித்து, பிரிட்ஜ் உயரத்தைப் பாருங்கள். உயரத் திருகை அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி ஃப்ரெட்டிலிருந்து எட்டவே நிற்கிறது என்றால் கழுத்தின் கோணம் தவறு. அதைச் சரிசெய்வது பெரிய செலவு, விட்டுவிட்டு வேறு கிட்டார் பாருங்கள்.

பிரிட்ஜின் அடிக்கட்டை முகத்தின் வளைவோடு பொருந்தியிருக்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை அடியில் செருகிப் பார்த்தால் இடைவெளி தெரியும். புதிய, மலிவான கிட்டார்களில் இந்த இடைவெளி சகஜம், திருத்தவும் முடியும். முகத்தின் மேல் உப்புத்தாளை மணல்பக்கம் மேலாக ஒட்டி வைத்து, அடிக்கட்டையை அதன் மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் வளைவு தானாகப் பதியும். பொருந்திய பிறகு ஓசை நன்றாகத் திறந்துகொள்ளும்.

பழைய கிட்டார் என்றால் இன்னும் இரண்டு. விளிம்பைச் சுற்றி ஓடும் பிளாஸ்டிக் பட்டை உதிர்கிறதா என்று பாருங்கள், 1950-60-களின் கிரெட்ச்களில் இது தெரிந்த வியாதி. முகத்தைக் கீறலிலிருந்து காக்கும் பழைய செல்லுலாய்டு பிக்கார்டும் முதுமையில் ஆவி விட்டு அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். நொறுங்கத் தொடங்கியிருந்தால் அதைக் கழற்றி, பெட்டிக்கு வெளியே தனியாக வைத்துவிடுங்கள்.

குழுவோடு வாசிக்கும்போது ஊளையிடுகிறது. என்ன செய்வது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது, பதிலும் நீளம்.

ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் கிட்டாரின் முகப்பலகையை அசைக்கிறது. பலகை கம்பியை அசைக்கிறது. பிக்கப் அதை எடுத்து ஆம்புக்கு அனுப்ப, ஸ்பீக்கரில் இன்னும் பெரிதாக வருகிறது. இந்தச் சுற்று முடிவில்லாமல் வளர்வதுதான் ஃபீட்பேக். உடலுக்குள் இருக்கும் காற்றுக்கும் பலகைக்கும் இயல்பான அதிர்வெண்கள் உண்டு. அவற்றின் பக்கத்தில் வரும் ஸ்வரம்தான் முதலில் கிளம்பும். ஆழமான உடல்களில் பொதுவாக இது தாழ்ந்த ஜி-யிலிருந்து பி வரையிலான இடத்தில், சுமார் 100 முதல் 125 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். உங்கள் கிட்டாருக்கு எது என்று கண்டுபிடிக்க, வால்யூமைக் கூட்டி வைத்துக்கொண்டு தடித்த இரண்டு கம்பிகளில் ஒவ்வொரு ஸ்வரமாக வாசியுங்கள். ஒன்று மட்டும் வீங்கிக்கொண்டு வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தகவல் தெரியாமல் ஆம்பின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பது வீண்வேலை.

அடுத்து நிற்கும் இடம். ஆம்புக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, கிட்டாரின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்காதபடி திரும்புங்கள். உங்கள் உடலே தடுப்பாக இருக்கட்டும். இரண்டு அடி நகர்ந்தாலே ஊளை நிற்பது உண்டு. மரப்பலகை போட்ட மேடை என்றால் ஆம்பை ஒரு நாற்காலி மேலோ தடித்த ஃபோம் மேலோ தூக்கி வையுங்கள். மேடைப் பலகையே பெரிய பெட்டியாகி பாஸ் அதிர்வைப் பரப்பிவிடும்.

மூன்றாவது, பாஸைக் குறைப்பது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும் அந்தத் தாழ்ந்த ஒலி, பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த பிறகு யாருக்கும் கேட்பதில்லை. ஊளைக்கு மட்டுமே தீனி. ஆம்பில் பாஸை நன்றாக இறக்குங்கள். போதவில்லை என்றால் ஈக்வலைசர் பெடல் ஒன்று வாங்கலாம். பாஸ் (Boss) என்ற கம்பெனியின் ஜிஇ-7 போன்றவற்றில் 100, 200 ஹெர்ட்ஸுக்குத் தனித்தனி ஸ்லைடர் இருக்கும்; நீங்கள் கண்டுபிடித்த இடத்துக்கு அருகில் உள்ளதை மட்டும் இறக்கினால் மற்ற ஓசை அப்படியே இருக்கும்.

நான்காவது, கை. வாசிக்காத நொடியில் கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைக்கவோ, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைக்கவோ பழகிவிடுங்கள். வலது முன்கை முகப்பலகை மேல் லேசாகப் படிந்திருந்தால் அதுவே ஓரளவு அடக்கும். ஹாலோபாடி வாசிப்பவர்களின் கை எப்போதும் கம்பிமேல் இருப்பதைக் கவனித்தால் தெரியும்.

இதெல்லாம் செய்தும் கீச்சென்று உயர்ந்த ஒலியில் அலறினால் அது வேறு நோய். பிக்கப்புக்குள் செப்புக்கம்பிச் சுற்று தளர்ந்து தானே மைக் போல வேலை செய்கிறது. மெழுகில் தோய்த்த பிக்கப்புக்கு மாற்றுவதோ, தெரிந்தவரிடம் கொடுத்துத் தோய்ப்பதோதான் வழி.

எஃப் துளைகளை அடைத்துவிடலாமா?

அடைக்கலாம், பலன் உண்டு. செட் அட்கின்ஸ் ஃபீட்பேக் தொல்லை தாங்காமல் மூடிய முகம் கேட்டார். 1957-ல் வந்த கிரெட்ச் கன்ட்ரி ஜென்டில்மேனில் துளைகள் வெறும் வரைந்த ஓவியம்தான். ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்கின் பெயரில் 1980-ல் கிப்சன் வெளியிட்ட லூசில் என்ற கிட்டாரில் துளையே இல்லை. ஆக, பெரியவர்களே போன பாதை.

வீட்டில் செய்வதானால் கறுப்பு ஃபோமைத் துளை வடிவத்தில் கொஞ்சம் பெரிதாக வெட்டி அழுத்திச் செருகுங்கள். ஒட்டாதீர்கள், பசை வண்ணப்பூச்சைக் கெடுக்கும். தயாராக ரப்பர் அடைப்பான்களும் கிடைக்கின்றன. உடல் முழுவதும் பஞ்சை அடைப்பதை மட்டும் நான் விரும்பவில்லை. அப்படி அடைத்தால் எதற்காக இந்தக் கிட்டாரை வாங்கினீர்களோ அதைத்தான் அடைக்கிறீர்கள். சத்தம் அதிகமுள்ள மேடைக்கு அடைப்பு, வீட்டுக்கு வந்ததும் திறப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது! உடைந்துவிட்டதா?

உடையவில்லை. பல ஹாலோபாடிகளில் பிரிட்ஜ் ஒட்டப்படுவதே இல்லை. கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. கம்பிகள் டெயில்பீஸ் என்ற உலோகச் சட்டத்தில் மாட்டி, உடலின் அடிவிளிம்பில் பிடித்திருக்கும். ஆகவே எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் விழும். வாங்கி வரும் வழியில் நகர்ந்திருப்பதும் சாதாரணம். புதுக் கிட்டார் சுதி சேரவே இல்லை என்று திருப்பி அனுப்பத் துடிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் வெட்டுகள் உள்ள சிறு கட்டை) 12-வது ஃப்ரெட் வரை அளந்து, அதே தூரம் 12-லிருந்து பிரிட்ஜுக்கு இருக்கும்படி வையுங்கள். இது தோராயம். பிறகு சுதி சேர்த்து, மெல்லிய ஈ கம்பியில் 12-வது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் தள்ளுங்கள். இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். தடித்த ஈ கம்பிக்கும் இதையே செய்தால் பிரிட்ஜ் சற்றுச் சாய்வாக, பாஸ் பக்கம் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். அது சரிதான். தள்ளுவதற்கு முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அடிக்கட்டை முகத்தில் கீறல் போடும்.

இடம் அமைந்ததும் அடிக்கட்டையின் இரு முனைகளிலும் லேசாக ஒட்டும் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு உள்ள விலையுயர்ந்த கிட்டாரில் டேப்பை நாள்கணக்கில் விடக்கூடாது, ஒரு புகைப்படமும் அளவும் எடுத்துக்கொண்டு டேப்பை நீக்கிவிடுங்கள். ஓங்கி வாசிப்பவர்களுக்கு பிரிட்ஜ் நகர்ந்துகொண்டே இருக்கும். அவர்கள் அடியில் மெல்லிய இருபக்க டேப் வைக்கலாம், அல்லது ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து இரண்டு சிறு ஊசிகளால் நிலைநிறுத்தலாம். கிரெட்ச்களில் பல தொழிற்சாலையிலேயே அப்படி வருகின்றன.

கம்பி மாற்றும்போது?

ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, சுதி ஏற்றி, அப்புறம் அடுத்தது. வேறெந்த விதியும் தேவையில்லை.

எந்த அளவுக் கம்பி போடுவது?

9-ல், அதாவது மெல்லிய கம்பி 0.009 அங்குலத் தடிமனில் தொடங்கும் செட் வேண்டாம். பிரிட்ஜைக் கீழே அழுத்திப் பிடிக்கவும் முகப்பலகையை அசைக்கவும் அதற்குப் பலம் போதாது; பிரிட்ஜ் வழுக்கும், ஓசை மெலியும். 11-ல் தொடங்குவது நல்ல ஆரம்பம். ஜாஸ் மட்டும் என்றால் 12. பிக்ஸ்பி உள்ள கிரெட்ச், கேசினோ வகையில் 10 அல்லது 11.

ஃப்ளாட்வவுண்ட் என்ற வழவழப்பான சுற்றுக்கம்பி ஜாஸ்காரர்களின் தேர்வு. விரல் இழுபடும் கீச்சு சத்தம் இராது, ஓசை மங்கலாக, கனிவாக இருக்கும், மாதக்கணக்கில் உழைக்கும். தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட், டடாரியோ குரோம்ஸ் இரண்டும் பேர்போனவை. ப்ளூஸ், ராக்கபில்லிக்கு வழக்கமான ரவுண்ட்வவுண்ட்.

ஒரு நுணுக்கம்: உங்கள் பிரிட்ஜ் ஒரே மரத்தில் படிகள் வெட்டியதாக இருந்தால், மூன்றாவது கம்பியான ஜி சுற்றுக்கம்பியாக இருக்கும் என்ற கணக்கில் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். அதில் வெறும் ஜி கம்பி போட்டால் மற்ற ஐந்தும் சரியாகி, ஜி மட்டும் ஃப்ரெட் ஏற ஏறச் சுதி உயரும். காது நல்ல காதாக இருந்தால் பைத்தியம் பிடிக்கும். சுற்றிய ஜி வாங்குங்கள், அல்லது கம்பிக்குக் கம்பி நகர்த்தும் உலோக பிரிட்ஜுக்கு மாறுங்கள்.

பிக்ஸ்பி இருந்தால் சுதி நிற்காது என்கிறார்களே?

மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து வந்த பால் பிக்ஸ்பி, கன்ட்ரி கிட்டார்காரர் மெர்ல் டிராவிஸின் சுதி நிற்காத பழைய கைப்பிடிக்கு மாற்றாகத்தான் இதைச் செய்தார். ஸ்பிரிங்கும் உருளையும் மட்டுமே உள்ள எளிய யந்திரம், தானாகச் சுதியைக் கெடுப்பது குறைவு. பழி பெரும்பாலும் நட்டில்தான். கம்பி நட்டின் வெட்டில் சிக்கி, திரும்பி வரும்போது பாதியில் நின்றுவிடுகிறது. வெட்டுக்குள் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். போதாவிட்டால் வெட்டைக் கம்பி அளவுக்கு ஏற்ப அராவ வேண்டும், அதைத் தெரிந்தவர் செய்யட்டும். சுதி ஏற்றும் ஆணியில் கம்பியைச் சுற்றும் எண்ணிக்கையையும் இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். கைப்பிடியை லேசாக ஆட்டி, கார்டை மிதக்கவிடவே இது ஏற்பட்டது. கம்பி தொளதொளக்கும் அளவுக்கு அழுத்துவதற்கு வேறு யந்திரங்கள் இருக்கின்றன.

கம்பி மாட்டுவதுதான் உண்மையான சோதனை. கம்பி நுனியின் குண்டுவளையத்தை உருளையின் அடிப்பக்கத்துச் சிறு முளையில் மாட்ட வேண்டும், கையை எடுத்தால் கழன்றுவிடும். மாட்டுவதற்கு முன் கம்பி நுனியை ஒரு பேனாமேல் வளைத்துக் கொக்கி போல ஆக்கிக்கொள்ளுங்கள். மாட்டியதும் முதல் ஃப்ரெட்டில் கேபோ என்ற கவ்வியைப் போட்டுக் கம்பியைப் பிடித்து வையுங்கள். கை இரண்டும் சும்மாவாகும்.

ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் எங்கிருந்தோ கர்ரென்று அதிர்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை.

ஹாலோபாடியில் அதிரும் பொருள்கள் நிறைய. பிக்கார்டைப் பிடிக்கும் சட்டம், பிக்கப் உயரத் திருகின் ஸ்பிரிங், பிரிட்ஜின் சிறு திருகுகள், குமிழ்களின் நட்டு, டெயில்பீஸ், உள்ளே பலகையில் படும் வயர். எந்த ஸ்வரத்தில் அதிர்கிறதோ அதை ஒரு நண்பரை விட்டு மீட்டச் சொல்லி, ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொடுங்கள். தொட்டதும் நின்றால் கள்ளன் அவன்தான்.

இன்னொன்று அதிர்வு இல்லை, மணியோசை. பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவிலுள்ள கம்பித்துண்டு தானாக ஒலிக்கும். சட்டென்று நிறுத்தி வாசிக்கும் இடங்களில் எரிச்சலாகத் தெரியும். ஒரு சிறு ஃபெல்ட் துணியைக் கம்பிகளுக்கு இடையே ஊடுபாவாகச் செருகினால் முடிந்தது.

ஜேக் உள்ளே விழுந்துவிட்டது. எப்படி எடுப்பது?

ஜேக் என்பது ஆம்பின் கேபிளைச் செருகும் வாய். பின்பக்கம் மூடி இல்லாத கிட்டார் என்பதால் எல்லா வயரிங்கும் எஃப் துளை வழியாகத்தான் போய்வர வேண்டும். மீன்தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வாங்குங்கள். ஜேக் துளை வழியாக அதை உள்ளே விட்டு எஃப் துளை வழியாக வெளியே எடுத்து, ஜேக்கின் வாயில் இறுக்கமாகச் செருகி, மெதுவாக இழுத்தால் தன் இடத்துக்கு வந்து நிற்கும். குழாயை எடுப்பதற்குள் நட்டை மாட்டிவிடுங்கள். வால்யூம், டோன் பாகங்களுக்கும் இதே முறை. கழற்றும் முன் ஒவ்வொன்றின் தண்டிலும் நூல் கட்டி வைத்தால் திரும்ப எடுப்பது எளிது.

விழாமல் காப்பதுதான் மேல். ஜேக்கின் நட்டு தளர்வதாகத் தெரிந்த அன்றே இறுக்குங்கள், தளர்ந்த ஜேக் சுற்றச் சுற்ற உள்ளே வயர் முறுகி அறும். பிக்கப் மாற்ற நினைப்பவர்கள் டெக்னீஷியன் கூலி திடமரக் கிட்டாரைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை அப்படி.

சென்னை மாதிரி ஈரப்பதமான ஊரில் தாங்குமா?

லாமினேட் உடல் தாங்கும். திடமர முகம் ஈரத்தை இழுத்து உப்பும், பிரிட்ஜ் மேலேறி ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரம்) கூடும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் உலர்ந்து இறங்கும். மரத்துக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் கெடுதல். 45-லிருந்து 55 சதவீதம் ஈரப்பதம் நல்லது என்பது பொதுக்கணக்கு. கடலோர ஊரில் அதைப் பிடித்து வைப்பது கடினம், ஆகவே கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, ஒரு சிறிய ஹைக்ரோமீட்டரால் அவ்வப்போது பாருங்கள். பிரிட்ஜில் உயரத் திருகு இருப்பது இந்தக் கிட்டாரில் ஒரு வசதி, பருவத்துக்கு ஏற்ப அரைத் திருப்பு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடையுங்கள், உப்புக்காற்றில் துரு சீக்கிரம் வரும்.

டிஸ்டார்ஷன் போடவே கூடாதா?

லேசான ஓவர்டிரைவ், அதாவது ஒலி சற்றே உடைந்து கரகரப்பது, ஹாலோபாடியில் மிக அழகு. கேசினோவை ஒரு சிறிய வால்வு ஆம்பில் கொஞ்சம் முறுக்கி வாசித்துப் பாருங்கள். கெயின் கூடினால் ஃபீட்பேக் சுற்றும் அதே அளவு கூடும், அவ்வளவுதான். டெட் நியூஜன்ட் போன்றவர்கள் கிப்சன் பேர்ட்லேண்ட் என்ற முழு ஹாலோவை அலறும் ஆம்புகள் முன் நிறுத்தி, அந்த ஊளையையே ஸ்வரமாக வாசித்திருக்கிறார்கள். அதற்கு எங்கே நின்றால் எந்த ஸ்வரம் கிளம்பும் என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்ப் எது நல்லது?

உடையாத சுத்தமான ஒலி தருவது எதுவும். ஜோ பாஸ் பாலிடோன் என்ற சாலிட் ஸ்டேட் ஆம்பில் வாசித்தார். 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இன்றும் ஒத்திகை அறைகளில் கிடக்கும், ஜாஸ் ஒலிக்குத் தயக்கமில்லாமல் செருகலாம். வால்வு என்றால் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், 22 வாட். வீட்டுக்கு மட்டும் என்றால் பெரிதாக எதையும் வாங்காதீர்கள். ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து ஆம்பே இல்லாமல் வாசிக்கும் அளவுக்கு இந்தக் கிட்டாருக்கே குரல் இருக்கிறது, அடுத்த அறையில் தூங்குபவரை எழுப்பாத அளவுக்குத்தான் அந்தக் குரல்.

ஸ்டாண்டில் வைக்கலாமா, பெட்டியிலேயே வைக்க வேண்டுமா?

உடல் பெரிது, பலகை மெல்லிசு, கால் இடறினால் விளிம்பு உடையும். குழந்தைகள் உள்ள வீட்டில் கெட்டியான பெட்டிதான். ஸ்டாண்டில் வைப்பதானால் பாலிப் பூச்சுள்ள கிட்டாருக்குப் பிரச்சினை இல்லை. நைட்ரோ பூச்சாக இருந்தால் ஸ்டாண்டின் ரப்பர் பூச்சோடு வினைபுரிந்து கறை பதிக்கும்; பழைய பருத்தித் துணியை ரப்பர் மேல் சுற்றிவிடுங்கள். வாங்கும்போது கிட்டாரோடு பெட்டியும் தருகிறார்களா என்று கேளுங்கள். ஆழமான ஆர்ச்டாப்புக்கு அக்கூஸ்டிக் பெட்டி சரியாகப் பொருந்தாது, தனியாகத் தேடினால் கிடைப்பது சிரமம்.